காற்று மிஞ்சும்போது

புனேவை ஒட்டிய பிம்ப்ரியில் லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்த்த எவருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் தெரியும். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டின் முனையில், சிலுவை வடிவத்தில் உட்கார்ந்திருக்கும் மூட்டு அது. சக்கரம் குழியில் இறங்கும், மேட்டில் ஏறும். தண்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் விசை அறுபடாமல் போய்ச் சேரும். டாடா மோட்டார்ஸ் ஆலையும் அதைச் சுற்றி முளைத்த உதிரிபாகப் பட்டறைகளும் நிறைந்த இந்த ஊரில் இதில் புதுமை எதுவும் இல்லை.

அதே மூட்டைப் பாய்மரத்தின் அடியில் வைத்தால் என்ன ஆகும் என்று 1960-களில் கலிஃபோர்னியாவில் இரண்டு பேர் யோசித்தார்கள். ஜிம் டிரேக் விமானப் பொறியாளர். ஹாயில் ஷ்வைட்சர் தொழிலதிபர், அலைச்சறுக்கில் பித்துக்கொண்டவர். 1967-ல் அவர்களுடைய முதல் விண்ட்சர்ஃபிங் பலகை, அதாவது பாய் பொருத்திய சறுக்குப் பலகை, நீரில் இறங்கியது. 1968-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1970-ல் பெற்றார்கள். அவர்களுக்கு முன்பே, 1965-ல், நியூமன் டார்பி என்ற அமெரிக்கர் பலகைமேல் பாயை நிறுத்தி ஓட்டுவதைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தார் என்பதால், முதல் உரிமை யாருக்கு என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. எனக்கு அந்த வழக்கைவிட அந்த மூட்டுதான் பெரிதாகத் தெரிகிறது.

காரணம் இதுதான். சாதாரணப் பாய்மரப் படகில் மரத்தை நான்கு பக்கமும் கயிறுகள் இழுத்துக் கட்டியிருக்கும். திருப்பச் சுக்கான் இருக்கும். விண்ட்சர்ஃபிங் பலகையில் இரண்டும் கிடையாது. மரம் எந்தத் திசையிலும் சாயும், சுழலும். விட்டால் தண்ணீரில் விழும். அதை நிமிர்த்திப் பிடித்திருக்கும் ஒரே கட்டுக்கயிறு, பலகைமேல் நிற்கும் மனிதரின் உடம்பு. பாயை முன்னே சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகித் திரும்பும். பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். காற்றின் விசை முழுவதும் உள்ளங்கை, தோள், இடுப்பு, பாதம் வழியாகத்தான் பலகைக்குப் போய்ச் சேருகிறது. அப்படியானால், அந்த உடம்பு தாங்கக்கூடியதைவிடக் காற்று அதிகமாகிவிட்டால்?

இந்த ஆட்டக்காரர்கள் அதை ‘ஓவர்பவர்’ என்பார்கள். சிறிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் அது எங்கே தொடங்குகிறது என்று தெரியும்.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில், புனே வட்டாரத்து உயரத்தில், அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஐந்தரை கிலோ எடைக்குச் சமம். 6 சதுர மீட்டர் பாயை நன்றாக இழுத்துப் பிடித்தால், பாயின் வளைவும் சேர்ந்து, சுமார் 40 கிலோ விசை கிடைக்கும். அந்த விசையின் மையம் பலகையிலிருந்து 1.7 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 40-ஐ 1.7-ஆல் பெருக்கினால் 68. இது பாயைக் காற்றுப் போகும் பக்கமாகச் சாய்க்கும் திருப்புவிசை. மறுபக்கத்தில் 70 கிலோ எடையுள்ள ஒருவர், தன் உடம்பின் எடை மையம் பலகையின் நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் வெளியே இருக்கும்படி பின்னால் தொங்குகிறார். 70-ஐ 1-ஆல் பெருக்கினால் 70. தராசு சரியாக நிற்கிறது. ஆட்டக்காரருக்கு இதைவிட இன்பமான நிலை கிடையாது.

இப்போது காற்று 50 கி.மீ. ஆகிறது. வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. விசையோ ஏறத்தாழ இரண்டு மடங்கு. பாய் சுமார் 77 கிலோ இழுக்கும், திருப்புவிசை 130-ஐத் தாண்டும். எதிர்த்தட்டில் இருப்பது அதே 70 தான். கைப்பலத்தைக் கூட்டி இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட முடியாது. எவ்வளவு பெரிய பலசாலியும் தன் எடைக்கு மேல் ஒரு கிலோவைக்கூடப் பின்பக்கமாகத் தொங்கவிட முடியாதல்லவா? புதிதாக ஏறியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பாயோடு மல்லுக்கட்டுவதும், பத்து நிமிடத்தில் முன்கைகள் இறுகி விரல் மடங்காமல் போவதும் இதனால்தான். ஓங்கிய விசையை எங்கேயாவது வடியவிட்டாக வேண்டும். எங்கே, எவ்வளவு, எந்த வரிசையில் என்பதில்தான் அத்தனை நுட்பமும் இருக்கிறது.

இந்த நுட்பத்தைப் பழகப் பிம்ப்ரியின் நடுவே ஓடும் பவனா ஆறு போதாது. அந்த ஆற்றின் மேற்கே, மாவள் மலைகளுக்கு நடுவில் பவனா நீர்த்தேக்கம் இருக்கிறது. பிம்ப்ரி-சின்ச்வட் குடிக்கும் தண்ணீர் அங்கிருந்து வருகிறது. தெற்கே புனேவைத் தாண்டினால் 1879-ல் கட்டி முடிந்த கடக்வாஸ்லா அணை. அதன் கரையில் தேசிய பாதுகாப்பு அகாடமி. அகாடமியின் பயிற்சி வீரர்கள் பாய்மரப் படகு ஓட்டக் கற்பது அந்த நீர்த்தேக்கத்தின் பீகாக் பே என்ற ஒதுக்கத்தில்தான். கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, மலையடிவாரத்தில் பாய்மரம் கற்பது விந்தையாகத் தோன்றலாம். காற்றைப் பற்றிக் கற்க இது கறாரான பள்ளிக்கூடம்.

திறந்த கடலில் காற்று நெடுந்தூரம் தடையில்லாமல் வருவதால் ஓரளவு சீராக இருக்கும். பவனா நீர்த்தேக்கத்தைச் சுற்றி லோஹகட், திகோனா, துங் என்று கோட்டை மலைகள் நிற்கின்றன. கடக்வாஸ்லாவுக்குத் தெற்கே சிம்ஹகட். காற்று இவற்றின் முகட்டில் மோதிச் சுழன்று, துண்டு துண்டாக நீர்மேல் இறங்கும். பிற்பகலில் தரை சூடேறியதும் மேலே வேகமாகப் போகும் காற்றும் கீழே மெதுவாகப் போகும் காற்றும் கலக்கத் தொடங்கும். மேலிருந்து இறங்கும் ஒவ்வொரு கட்டியும் தன் வேகத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். வானிலையாளர்கள் காற்றின் வேகத்தைப் பொதுவாகப் பத்து நிமிடச் சராசரியாகச் சொல்வார்கள். வீச்சு என்பதை மூன்று வினாடி உச்சமாக அளப்பார்கள். பலகைமேல் நிற்பவரின் வாழ்வும் சாவும் அந்த மூன்று வினாடியில் இருக்கின்றன. சராசரியை நம்பிப் பாயைத் தேர்ந்தெடுத்தவர் உச்சத்தில் மாட்டிக்கொள்வார்.

ஒரு சின்ன ஆறுதல் உண்டு. புனே கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று கொஞ்சம் லேசு. அதே வேகத்தில் சென்னைக் கடலில் கிடைக்கும் விசையைவிட இங்கே ஆறு சதவீதம் அளவுக்குக் குறைவாகவே கிடைக்கும். வீச்சின் சீற்றத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

வீச்சு வருவதைக் கண்ணால் பார்க்க முடியும் என்பது நீர்நிலை தரும் கொடை. தள்ளி இருக்கும் தண்ணீரில் கறுப்பாக ஒரு திட்டு ஊர்ந்து வரும். அமைதியான நீர், தாழ்ந்த கோணத்தில் பார்க்கும் நமக்கு, அடிவானத்தின் வெளிச்சத்தை அப்படியே கண்ணாடியாகக் காட்டுகிறது. காற்று உரசியவுடன் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளமே உள்ள நுண்ணலைகள் எழும். அவ்வளவு சிறிய அலைகளை ஆள்வது எடையைவிட நீரின் மேற்பரப்பு இழுவிசைதான். அந்த அலைகளின் முகங்கள் நம் பக்கம் சாய்வதால் அவை அடிவானத்தைக் காட்டாமல் மேலே உள்ள மங்கிய வானத்தைக் காட்டும். திருப்பும் ஒளியும் குறையும். அதனால் அந்த இடம் இருண்டு தெரிகிறது. அது நூறு மீட்டர் தள்ளி இருந்தால், மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வரும் வீச்சு உங்களைத் தொடப் பத்து வினாடி ஆகும். தயாராக அது தாராளமான நேரம். கால் விரலையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவருக்கு அந்தப் பத்து வினாடியும் கிடையாது.

இனி, நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமான இடத்துக்கு வருகிறேன்.

வேகமாக ஓடும் பலகையில் நிற்பவர் உணரும் காற்று, கரையில் இருப்பவர் உணரும் காற்று இல்லை. பைக்கில் போகும்போது எதிர்க்காற்று முகத்தில் அடிப்பது போல, பலகையின் சொந்த ஓட்டமும் ஒரு காற்றை உண்டாக்குகிறது. இரண்டும் சேர்ந்துதான் பாயில் படும். குறுக்கே வீசும் காற்று 36 கி.மீ., பலகையும் 36 கி.மீ. என்றால், பாய் உணரும் காற்று 51 கி.மீ.; அது பக்கவாட்டில் இல்லாமல் முன்னிருந்து 45 பாகையில் வரும். இப்போது வீச்சு வந்து காற்றை 50 கி.மீ. ஆக்குகிறது. பலகை இன்னும் வேகம் எடுக்கவில்லை. பாய் உணரும் காற்று இப்போது 62 கி.மீ. அளவுக்கு வந்துவிடும். வர்க்கம் போட்டுப் பாருங்கள்: அழுத்தம் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் உயர்ந்திருக்கிறது.

நின்ற இடத்தில் இதே வீச்சு வாங்கியிருந்தால் அழுத்தம் இரண்டு மடங்கு. ஓடிக்கொண்டிருந்தவருக்கு ஒன்றரை மடங்கு. வேகத்தைக் குறைத்தால் பாதுகாப்பு என்று தரையில் வண்டி ஓட்டிப் பழகிய நம் மனம் சொல்கிறது. நீர்மேல், காற்று குறுக்கே வீசும்போது, வேகம்தான் அடுத்த வீச்சுக்கு எதிரான கவசம். பயந்து நின்றவரைக் காற்று முழுக் கையால் அடிக்கும்.

வீச்சு அழுத்தத்தை உயர்த்துவதோடு நிற்பதில்லை. உணரும் காற்றின் திசையையும் பின்பக்கமாகத் திருப்புகிறது. மேலே சொன்ன கணக்கில் 45 பாகை 54 ஆகிவிடும். பாயை யாரும் அசைக்காமலேயே, காற்று அதைத் தாக்கும் கோணம் ஒன்பது பாகை கூடிவிட்டது. கூடிய கோணம் கூடிய விசை. ஆகவே வீச்சு வந்த கணத்தில் பாயைக் கொஞ்சம் திறந்துவிட்டே ஆக வேண்டும். அந்த ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதில்தான் தேர்ந்தவரும் தடுமாறுகிறவரும் பிரிகிறார்கள்.

பாயைப் பிடிக்கும் குறுக்குக் கம்பிக்கு பூம் என்று பெயர். முன்னால் இருக்கும் கை பாய்மரத்துக்குப் பக்கத்தில், பின்னால் இருக்கும் கை இரண்டடி தள்ளி. பின்கையைத் தளர்த்தினால் பாய் கதவு போலத் திறந்து காற்றை வழியவிடும். பதற்றத்தில் எல்லோரும் செய்வது, அந்தக் கையை முழுசாக விட்டுவிடுவது. இழுப்பு நின்றுவிடுகிறது, அது உண்மைதான். அதே நொடியில் வேறொன்றும் நின்றுவிடுகிறது. இடுப்பில் கட்டிய ஹார்னஸின் கொக்கி பூமில் தொங்கும் கயிற்றில் மாட்டியிருக்கிறது. அதன் வழியாக ஆட்டக்காரரின் எடையில் பெரும்பகுதி பாய்மரத்துக்குப் போய், அதன் அடிமூட்டு வழியாகப் பலகையின் முன்பாதியைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது. பாய் வெறுமையானதும் அந்த எடை தாங்க ஆளில்லாமல் பாதங்களுக்குத் திரும்புகிறது. பாதங்கள் இருப்பது பின்பக்கத்தில். வால் அமிழ்கிறது, மூக்கு எழும்புகிறது, எழும்பிய மூக்கின் அடியில் காற்று புகுகிறது. பலகை இப்போது தானே ஒரு பாய். வேகமும் போயிற்று. அடுத்த வீச்சு நிற்கும் ஆளைத் தேடி வருகிறது.

விசையை இழப்பதும் கட்டுப்பாட்டை இழப்பதும் வேறு வேறு. விசையைக் குறைக்கப் போய்ப் பிடிமானத்தையும் சேர்த்துக் கொட்டிவிடுவதுதான் பெரும்பாலான விபத்துகளின் கதை.

தேர்ந்தவர்கள் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவ்வளவு அடக்கமாக இருக்கும். கறுப்புத் திட்டு நெருங்கும்போதே இடுப்பை இறக்குவார்கள். கைகள் நீட்டி, தோள் தளர்ந்து, முழு எடையும் ஹார்னஸில். முன்கால் நேராக நீண்டு பாய்மரத்தின் அடியைத் தள்ளும். பின்கால் மடங்கி உடம்புக்கு அடியில் வரும். தலை காற்று வரும் பக்கம் திரும்பியிருக்கும். வீச்சு தொட்டதும் பின்கை ஒரு சாண்கூடத் திறக்காது. சில விரற்கடை மட்டும். கூடவே பலகையைக் காற்றை நோக்கிச் சற்றே திருப்புவார்கள். காற்றுக்கு நெருங்க நெருங்கப் பாய் காற்றைத் தாக்கும் கோணம் சுருங்கி, கூடிய விசை வழிந்துபோகும். வீச்சு கடந்ததும் மறுபடி பழைய போக்கு. பார்ப்பவருக்கு எதுவும் நடந்த மாதிரியே தெரியாது.

தவறான திசையில் திரும்பினால் நிலைமை நேர்மாறு. காற்றை விட்டு விலகித் திரும்பும்போது பாய் முழு முகத்தையும் காட்டும். இழுப்பு முன்பக்கமாகிறது. ஹார்னஸில் மாட்டிய ஆள் பூமோடு சேர்ந்து கவண்கல் போல முன்னே வீசப்படுவார். தலைக்கவசம் அணியச் சொல்வது இதற்காகத்தான்; தண்ணீரைவிட பாய்மரமும் பலகையின் மூக்கும்தான் தலையில் மோதும்.

ஆனால் கரைக்குத் திரும்ப வேண்டுமானால் அந்தப் பக்கமும் ஒருமுறை திரும்பித்தானே ஆக வேண்டும்? ஜைப் எனப்படும் அந்தத் திருப்பத்தில்தான் வேகத்தின் கணக்கு உச்சத்துக்குப் போகிறது. 50 கி.மீ. காற்று, பலகை காற்றோடு ஒரே திசையில் 36 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. பாய் உணர்வது வெறும் 14 கி.மீ. காற்று. சற்று முன் கையைப் பிய்த்த பாய் அந்த நொடியில் எடையே இல்லாதது போல லேசாகும். சுழற்றி மறுபக்கம் பிடிக்கலாம். பயத்தில் வேகத்தை 14 கி.மீ.க்குக் குறைத்துவிட்டுத் திரும்பினால்? பாயில் படுவது 36 கி.மீ.; அழுத்தம் ஆறு மடங்குக்கு மேல். சூறைக்காற்றில் முழு வேகத்தோடு திருப்பத்துக்குள் போ என்று பயிற்சியாளர்கள் சொல்வதைக் கேட்டால் குருட்டுத் துணிச்சல் மாதிரி இருக்கும். அதன் பின்னால் இருப்பது இந்தக் கழித்தல் கணக்கு.

உடம்பின் வேலை இவ்வளவு. மீதி வேலையைப் பாயே செய்ய வேண்டும், அதற்குக் கரையிலேயே ஏற்பாடு செய்ய வேண்டும். எளிய வழி, சிறிய பாய். எல்லோருக்கும் அந்த வசதி இருப்பதில்லை. 2008 முதல் டோக்கியோ ஒலிம்பிக்வரை பயன்பட்ட ஆர்எஸ்:எக்ஸ் என்ற போட்டிப் பலகை வகையில் ஆண்களுக்கு ஒரே அளவுதான்: 9.5 சதுர மீட்டர். மெல்லிய காற்றோ சூறைக்காற்றோ, அதே பாய். 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஈபாத் அலி வெண்கலம் வென்றது இந்த வகையில்தான். 50 கி.மீ. காற்றில் கடல்மட்டத்தில் அந்தப் பாயை முழுசாக இழுத்துப் பிடித்தால் 130 கிலோ அளவுக்கு இழுக்கும். எந்த மனிதரும் அதைத் தாங்க முடியாது. அப்படியென்றால் அதே துணியைக் குறைந்த விசை தருவதாக மாற்றும் வழி இருக்க வேண்டும்.

இருக்கிறது. பாயின் கீழ்முனையிலிருந்து பாய்மரத்தின் அடிக்கு, கப்பிகளில் பல சுற்றுச் சுற்றிய ஒரு கயிறு போகிறது, டவுன்ஹால் என்பார்கள். அதை இழுக்கும்போது கார்பன் இழையால் ஆன பாய்மரம் வில்லாக வளையும். பாயின் முன்விளிம்பு விறைக்கும். பின்விளிம்பின் மேல்பகுதி தொய்ந்து, அரிசி மூட்டையின் வாய்போல லேசாகத் தளரும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதல் இழுப்பில் பாயின் குணமே மாறிவிடும். பழகாதவருக்கு அந்தத் தொய்வு பழுது போலத் தோன்றும். கரையில் நிறுத்தி வைத்த பாயின் தலைப்பக்கம் சுருங்கிக் கிடப்பதைப் பார்த்துக் கயிற்றைத் தளர்த்திவிடுவார்கள். அந்தத் தொய்வில்தான் உயிர் இருக்கிறது. வீச்சு வரும்போது மேல்பகுதி தானாகவே முறுக்கித் திறந்து காற்றை வழியவிடும். வீச்சு போனதும் தானாகவே மூடிக்கொள்ளும். ஆட்டக்காரரின் கை உணர்வதற்குள் வேலை முடிந்திருக்கும்.

ஏன் மேல்பகுதி? நான்கு மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு சதுர மீட்டர் துணி, இரண்டு மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு சதுர மீட்டரைப் போல இரண்டு மடங்கு திருப்புவிசை தருகிறது. தரையை விட்டு மேலே போகப் போகக் காற்றின் வேகமும் அதிகம். உச்சியைத் தளர்த்தினால் இழப்பது கொஞ்சம் விசை, குறைவது நிறையச் சாய்ப்பு. தராசுக் கணக்கில் 1.7 மீட்டர் என்று வைத்தோமே, அந்த எண்ணே இறங்கிவிடும். கீழ்ப்பகுதி வழக்கம்போல உழைத்துப் பலகையை ஓட்டிக்கொண்டே இருக்கும். விசையின் அளவைவிட அது நிற்கும் உயரத்தைக் குறைப்பது எவ்வளவு மலிவான, அழகான தீர்வு என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

மற்ற திருத்தங்கள் சிறியவை. அவுட்ஹால் என்ற பின்கயிற்றை இழுத்துப் பாயின் தொப்பையைத் தட்டையாக்குவார்கள். பூமைச் சற்று இறக்குவார்கள். பாய்மரத்தின் அடியை முன்னே நகர்த்தி மூக்கின்மேல் எடையைக் கூட்டுவார்கள். ஆர்எஸ்:எக்ஸ் பலகையில் ஓடும்போதே அதைக் காலால் நகர்த்தலாம். நடுவில் இறங்கும் நீர்த்தகட்டையும் மேலே மடக்கிவிடலாம்.

தண்ணீருக்கு அடியில் இருக்கும் துடுப்புத் தகட்டை மறந்துவிடக் கூடாது. பலகையின் வால்பக்கத்தில் செங்குத்தாக இறங்கும் அந்த ஃபின்தான் பக்கவாட்டு நழுவலைத் தடுக்கிறது. பாய் மேலே எவ்வளவு பக்கவாட்டில் தள்ளுகிறதோ அவ்வளவையும் அது கீழே எதிர்த்தாக வேண்டும். மிஞ்சிய காற்றில் பயந்தவர் பின்காலால் ஓங்கி உதைப்பார். ஃபினின் ஒரு பக்கம் அழுத்தம் சட்டென்று விழும். மேலே உள்ள காற்று அந்த வெற்றிடத்தை நோக்கி ஃபினோடு ஒட்டி உறிஞ்சப்பட்டு இறங்கும். நீரைப் பிடித்திருந்த தகடு இப்போது காற்றைப் பிடித்திருக்கிறது. வால் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். அதிலிருந்து மீள, பின்காலின் எடையை எடுத்துவிட்டு ஒரு கணம் காத்திருந்தால் போதும். நீர் மறுபடி தகட்டைத் தழுவும். உதையை அதிகமாக்கினால் நடக்காது. வேகம் கூடும் நாளில் சிறிய ஃபினை மாட்டுவதும் இதையொட்டியே: பெரிய ஃபின் பலகையையே நீரிலிருந்து தூக்கிக் கவிழ்க்கப் பார்க்கும்.

தராசின் மறுதட்டை, அதாவது உடம்பின் எடையையும் தூரத்தையும், கூட்டிக்கொள்ளும் வழியைத் தமிழ்க் கரையோரம் வெகுகாலமாக அறிந்திருந்தது. பாக் நீரிணையோரத்து வத்தைகளில் படகின் குறுக்கே நீளமான பலகை ஒன்றைப் போட்டு, அது காற்று வரும் பக்கம் வெளியே நீண்டிருக்க, ஆட்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து படகைச் சாயாமல் பிடிப்பார்கள். மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல் 1920-ல் வெளியிட்ட இந்தியப் படகு வகைகள் பற்றிய ஆய்வில் இந்தச் சமன்பலகையை விவரித்திருக்கிறார். காற்று ஏற ஏற ஆட்கள் பலகையின் நுனிக்கு நகர்வார்கள். இறங்கினால் உள்ளே வருவார்கள். வீச்சு பொறுக்காதபோது பாயைப் பிடித்திருக்கும் தாமான் கயிற்றை இளக்குவார்கள். தொண்டிப் பக்கம் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிகளில் இளைஞர்கள் படகுக்கு வெளியே தொங்கிக்கொண்டு வருவதைப் பார்த்தவர்களுக்கு, விண்ட்சர்ஃபிங்கில் உடம்பு செய்கிற வேலை ஒன்றும் அந்நியமாகத் தோன்றாது. 70-ஐ 1-ஆல் பெருக்கும் இடத்தில் அவர்கள் இரண்டு மூன்று பேரை இரண்டு மீட்டருக்கு வெளியே உட்காரவைக்கிறார்கள். அந்த அறிவை வெறும் நாட்டார் வழக்கம் என்று ஒதுக்கிவிட்டு, இறக்குமதிப் பலகையில் மட்டும் அறிவியல் தேடுவது பெரும் நஷ்டம்.

வேக சாதனைக்காரர்கள் இதே கணக்கை வேறு விதமாகத் தீர்க்கிறார்கள்: எடை சேர்த்த சட்டை அணிந்துகொள்வார்கள். 2015-ல் நமீபியாவின் லூடரிட்ஸில், இதற்காகவே வெட்டிய கால்வாயில், பிரான்ஸின் அன்டுவான் அல்போ 500 மீட்டர் தூரத்தைச் சராசரி 53.27 நாட் வேகத்தில் கடந்தார். மணிக்கு 98 கி.மீ.க்கும் மேல். அவர் பிடித்திருந்ததும் கயிற்றால் கட்டாத ஒரு பாயைத்தான்.

காற்றாலைகளும் இந்தச் சிக்கலைச் சந்தித்தவைதான். 1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் 55 கிலோவாட் இயந்திரங்கள் பத்து நிறுத்தப்பட்டன. அந்தத் தலைமுறைக் காற்றாலைகளில் இறக்கைகள் திரும்பாது. காற்று மிஞ்சும்போது இறக்கையின் முதுகில் ஓட்டம் தானே பிய்ந்து சுழலும்படி வடிவமைத்து விசையைக் கட்டுக்குள் வைத்தார்கள். இன்றைய காற்றாலைகள் ஒவ்வொரு இறக்கையையும் அதன் அச்சில் திருப்பி, தேவைக்கு மேற்பட்ட காற்றை வழியவிடுகின்றன. நொடிக்கு 25 மீட்டர் அளவில் இறக்கையின் விளிம்பை முழுசாகக் காற்றுக்குக் காட்டி ஓய்ந்துவிடுகின்றன. அப்படிப்பட்ட இயந்திரங்களைச் செய்யும் சுஸ்லான் நிறுவனத்தின் தலைமையகம் புனேவின் ஹடப்சரில் இருக்கிறது. அங்கே கணினியும் மோட்டாரும் செய்வதைப் பலகைமேல் நிற்பவரின் பின்கை சில விரற்கடை அசைவில் செய்கிறது.

இத்தனை நுட்பமும் செல்லாத காற்று ஒன்று புனே வட்டாரத்தில் ஆண்டுதோறும் வரும். ஏப்ரல், மே மாதங்களின் பிற்பகலில் இடிமேகம் கட்டி நிற்கும். மழைத்துளி ஆவியாகிக் குளிர்ந்த காற்று மேகத்திலிருந்து கனத்து விழுந்து, தரையில் மோதி, மழைக்கு முன்பே நாலாபுறமும் பரவும். அதுவரை மெல்ல வீசிக்கொண்டிருந்த காற்று ஓய்ந்துபோகும்; ஓரிரு நிமிடத்தில் வேறு திசையிலிருந்து பல மடங்காக அடிக்கும். அதன் முன்னால் எந்த டவுன்ஹாலும் சின்னப் பாயும் நிற்காது. இடி கேட்டால் நீரை விட்டு ஏறிவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டு கருத்தே இல்லை.

ஏற முடியாமல் மாட்டிக்கொண்டால், பாயைத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். விழுந்த பாய் நீரை அள்ளிக்கொண்டு நங்கூரம் போலப் பிடிக்கும். பலகை காற்றோடு அடித்துப் போவது பெரிதும் குறையும். பாய் இல்லாத வெறும் பலகை மிக வேகமாக நழுவும். ஆகவே அதை ஒரு கணமும் விடக்கூடாது. நீந்திக் கரை சேரலாம் என்று பலகையை விட்டுப் போனவரைத் தேடுகிறவர்களால் கண்டுபிடிப்பது கடினம். நீர்மேல் தெரியும் தலை அவ்வளவு சிறியது. பலகையின்மேல் ஏறி உட்கார்ந்து, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக மேலே தூக்கி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். உலகின் எந்த நீர்நிலையிலும் அதற்கு உதவி தேவை என்றே பொருள். கை ஓய்ந்த பிறகு அதைத் தொடங்கினால் நீடிக்காது. இன்னும் தெம்பு மிச்சமிருக்கும்போதே தொடங்க வேண்டும்.